‘அந்த’ பிரச்சனைக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது? ஆண்கள் ஏன் தள்ளிப்போடக் கூடாது? - முழு விவரம்

46 வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறார். ஆறு மாதமாக தாம்பத்தியத்தில் முன்பு மாதிரி இல்லை. மனைவி கேட்டால் "வேலை அசதி" என்கிறார். ஒருநாள், தெரிந்தவர் யாரும் வராத ஏரியாவில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் தலையைக் குனிந்துகொண்டே மாத்திரை வாங்குகிறார். மாத்திரை வேலை செய்கிறது. ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று நிம்மதியாகிறார்.

ஆனால் அவருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அது அவருக்கே தெரியாது. பி.பி.யும் ஏறிக்கிடக்கிறது. உடம்பு கொடுத்த ஒரே எச்சரிக்கையை அந்த மாத்திரை அமுக்கிவிட்டது.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவர் செய்ததை நிறைய ஆண்கள் செய்கிறார்கள். தலைவலிக்கும் பல்வலிக்கும் உடனே டாக்டரிடம் ஓடுகிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட வாயைத் திறப்பதில்லை. எப்போது டாக்டரிடம் போக வேண்டும், யாரிடம் போக வேண்டும், அங்கே என்ன நடக்கும், யாரிடம் போகவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

விறைப்புத்தன்மை குறைந்தால் இதயத்தை ஏன் பார்க்கிறார்கள்?

இது பலருக்கும் ஆச்சரியமான கேள்வி. ஆனால் காரணம் ரொம்ப எளிமையானது.

ஆணுறுப்பு விறைப்பது என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட வேலை. மூளையில் இருந்து நரம்பு வழியாக தகவல் வந்ததும், ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. குழாய் விரிகிறது, ரத்தம் வேகமாக நிரம்புகிறது. புகை, சர்க்கரை, கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம் இவையெல்லாம் முதலில் கெடுப்பது இந்த உட்சுவரைத்தான்.

ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் அகலம் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே மாதிரி கொழுப்பு படிந்தாலும், முதலில் பாதிப்பு தெரிவது சின்னக் குழாயில்தானே? அதனால்தான் நெஞ்சுவலி வருவதற்கு சில ஆண்டுகள் முன்பே விறைப்புத்தன்மை குறைபாடு தலைகாட்டலாம் என்கிறது மருத்துவ உலகம். இந்த இடைவெளி பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறார்கள்.

அதாவது, இதயத்தைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு மூன்று வருஷம் டைம் கிடைக்கிறது. அதை வெட்கத்தில் வீணடிப்பதுதான் இங்கே உண்மையான இழப்பு.

சர்க்கரை நோய்க்கும் இதே கதைதான். அது ரத்தக்குழாயையும் நரம்பையும் சேர்த்தே பாதிக்கும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. முன்தோலில் அடிக்கடி அரிப்பு, சிவப்பு, வெடிப்பு வருகிறதா? சிலருக்கு சர்க்கரை நோயின் முதல் அடையாளமே இதுதான். களிம்பு தடவி விட்டுவிடாமல் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது நல்லது.

எது பிரச்சனை? எது பிரச்சனையே இல்லை?

ஒருநாள், இரண்டு நாள் முடியாமல் போவது நோய் இல்லை. தூக்கமில்லாமை, கடன் கவலை, சண்டை, அன்று குடித்த மது என எதுவும் காரணமாக இருக்கலாம். இதே நிலை பல வாரங்கள் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் ஆகிவிட்டது என்றால் இனி தள்ளிப்போடக் கூடாது.

இது அபூர்வமான பிரச்சனையும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 1994-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு லேசாகவோ தீவிரமாகவோ இந்தக் குறைபாடு இருந்தது தெரியவந்தது. பாதிக்குப் பாதி. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

விந்து முந்துதல் பற்றியும் நிறைய குழப்பம் இருக்கிறது. ஆபாசப் படங்களைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம், ஒருமணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஐந்து நாடுகளில் தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து எடுத்த ஆய்வில் கிடைத்த இடைநிலை அளவு 5.4 நிமிடம்தான். முதல் அனுபவத்தில் இருந்தே எப்போதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அல்லது முன்பு சரியாக இருந்தது இப்போது மூன்று நிமிடத்துக்கும் குறைவாகிவிட்டது, கட்டுப்படுத்தவும் முடியவில்லை, அதனால் மனவேதனை இருக்கிறது என்றால்தான் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. பயிற்சிகள், மாத்திரைகள், கவுன்சிலிங் என வழிகள் இருக்கின்றன.

பிரச்சனையே இல்லாதவை எவை?

* சுய இன்பத்தால் ஆண்மை போய்விடாது. நரம்புத்தளர்ச்சியும் வராது.
* தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பானது.
* ‘ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தத்துக்குச் சமம்’ என்பதில் உண்மை இல்லை. விந்து திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் தினமும் சுரப்பதுதான்.
* அளவு பற்றிய கவலை. 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். தனக்குக் குறைவு என்று நினைத்து டாக்டரிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இயல்பான அளவுக்குள்தான் இருப்பார்கள்.

விந்து வீணாகிறது என்ற பயத்தாலேயே உடல் சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை வருவது நம் மண்ணில் ரொம்ப காலமாக இருக்கிறது. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் இதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். இங்கே நோய் விந்துவில் இல்லை, பயத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வேதனை உண்மையானது. அதற்கும் சிகிச்சை உண்டு.

எந்த டாக்டரிடம் போவது?

முதலில் போக வேண்டியது உங்கள் வழக்கமான குடும்ப டாக்டர் அல்லது பொது மருத்துவரிடம். சர்க்கரை, பி.பி., கொழுப்பு எல்லாவற்றையும் அவரே பார்த்துவிடலாம். பலருக்கு காரணம் அங்கேயே பிடிபட்டுவிடலாம். தேவைப்பட்டால் அவரே அடுத்த டாக்டரிடம் அனுப்புவார்.

* விறைப்புக் குறைபாடு, உறுப்பு வளைவது, விதைப்பையில் கட்டி, சிறுநீர் பிரச்சனை: யூராலஜிஸ்ட். நெஃப்ராலஜிஸ்ட் என்பவர் வேறு, அவர் சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் பார்ப்பவர். இதை மாற்றிப் புரிந்துகொண்டு டோக்கன் போடுகிறவர்கள் நிறைய பேர்.
* புண், கொப்புளம், சீழ், அரிப்பு, எரிச்சல்: தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்.
* குழந்தையின்மை: ஆண்ட்ராலஜிஸ்ட் அல்லது யூராலஜிஸ்ட்.
* ஆசையே குறைந்துவிட்டது, மார்பு பெருக்கிறது, முடி உதிர்கிறது: ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்ட்.
* பயம், பதற்றம், மனச்சோர்வு, தம்பதிக்குள் விரிசல்: மனநல மருத்துவர், பாலியல் சிகிச்சை நிபுணர்.

செலவு பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு, யூராலஜி, மனநலப் பிரிவு எல்லாம் அங்கே இருக்கின்றன. எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயர்ப் பலகை உள்ள இடங்களில் இலவசம், ரகசியமும் காக்கப்படும்.

நேரில் போகத் தயக்கமா? மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீடியோ காலில் டாக்டரிடம் பேசலாம். இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் இருந்து முறையான வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416, எச்ஐவி தொடர்பான சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்கள் உண்டு.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "உடம்பு அசதியா இருக்கு டாக்டர்", "சத்து மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று சுற்றி வளைத்துவிட்டு, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, "இன்னொரு விஷயம் டாக்டர்…" என்பார்கள். அதற்குள் அடுத்த பேஷண்ட் உள்ளே வந்திருப்பார்.

உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். "டாக்டர், தாம்பத்தியத்துல கொஞ்சம் பிரச்சனை இருக்கு, தனியா பேசணும்." இவ்வளவு போதும். மிச்சத்தை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். வாய் வரவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டலாம். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லலாம். உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் தொழில் கடமை.

டாக்டர் பொதுவாகக் கேட்பவை இவை:

* எப்போதிலிருந்து? திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா?
* காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருக்கிறது என்றால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன, காரணம் மனதில் இருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.
* இரண்டு மாடி படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு இறுக்குகிறதா?
* சிகரெட், மது, பான் மசாலா பழக்கம் உண்டா?
* என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சில பி.பி. மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு ஆகியவையும் சிலருக்குக் காரணமாகலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் மாற்றிக் கொடுப்பார்.
* துணை யார், ஒருவரா, பலரா, ஆணா, பெண்ணா? இது உங்களை எடைபோட அல்ல. என்ன பரிசோதனை தேவை என்று முடிவு செய்யத்தான்.

ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் கொடுக்கலாம். மொத்த மதிப்பெண் 25. 21 அல்லது அதற்குக் கீழே இருந்தால் விறைப்புக் குறைபாடு இருக்கலாம் என்று பொருள்.

என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

பெரும்பாலும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவு. கூடவே பி.பி., எடை, இடுப்புச் சுற்றளவு. தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன். இந்த ஹார்மோன் காலையில்தான் அதிகமாக இருக்கும் என்பதால் காலை 11 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒருமுறை குறைவாக வந்தால், இன்னொரு நாள் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மதியம் எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாராவது ஊசி போடச் சொன்னால் யோசியுங்கள்.

குழந்தையின்மைக்கு வருபவர்களுக்கு விந்துப் பரிசோதனை முக்கியம். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு எல்லா டெஸ்டும் எடுத்து முடித்த பிறகுதான் கணவர் வருகிறார். ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், விதைப்பை விந்தணு உற்பத்தியையே குறைத்துவிடும், சிலருக்கு நின்றும் போகும்.

கடையில் நேரடியாக மாத்திரை வாங்கினால் என்ன?

சில்டெனாஃபில் மாத்திரை முதலில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் ஆய்வு செய்யப்பட்டது. அதன் பக்கவிளைவைக் கவனித்துத்தான் வயாகராவாக மாறியது. 1998-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தகுந்த ஆளுக்கு, டாக்டர் சொல்லும் அளவில் இது நல்ல மருந்து. ஆனால் இந்தியாவில் இது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. அதற்குக் காரணம் இருக்கிறது.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் பல வீடுகளில் இருக்கும். அது நைட்ரேட் வகை மருந்து. இரண்டும் ரத்தக்குழாயை விரிப்பவை. இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது.

இங்கேதான் ரகசியம் ஆளைக் கொல்கிறது. ரகசியமாக மாத்திரை போட்டவருக்கு இரவில் நெஞ்சுவலி வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போய் அப்பாவின் சார்பிட்ரேட்டை எடுத்து நாக்கடியில் வைக்கிறார்கள். யாருக்கும் அவர் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. எனவே இந்த மாத்திரை எடுத்திருந்தால், எமர்ஜென்சியில் டாக்டரிடம் வெட்கப்படாமல் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். மனைவிக்கும் தெரிந்திருப்பது பாதுகாப்பு.

‘மூலிகை’, ‘பக்கவிளைவே இல்லை’ என்று விற்கப்படும் பொடியும் லேகியமும் பாதுகாப்பானவையா? இப்படி விற்ற பல தயாரிப்புகளில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ‘ஒரே நாளில் வேலை செய்யுது’ என்றால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும்.

லாட்ஜ் வைத்தியர்களை எப்படி அடையாளம் காண்பது?

பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர். இந்தத் தேதியில் இந்த ஊர், இந்த லாட்ஜ், இந்த ரூம் நம்பர் என்று மாதாந்திர அட்டவணை. உள்ளே போனால் முதலில் பயமுறுத்தல்: "நரம்பெல்லாம் செத்துப்போச்சு தம்பி, இப்பவே ஆரம்பிக்கலைன்னா கல்யாணமே பண்ண முடியாது." அடுத்து மூன்று மாத பேக்கேஜ். ஏமாந்தவர் வெளியே சொல்லவும் மாட்டார், போலீஸுக்குப் போகவும் மாட்டார். அந்த வெட்கம்தான் இந்தத் தொழிலின் முதலீடே.

உண்மையில் இப்படி விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் விளம்பரத் தடைச் சட்டம் 1954, பாலியல் திறனை அதிகரிப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல்முறை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

சித்த மருத்துவமே தவறு என்று அர்த்தமில்லை. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அலோபதியோ சித்தாவோ, பார்க்க வேண்டியது இவைதான்: சீட்டில் பதிவு எண் இருக்கிறதா? நிரந்தர முகவரி இருக்கிறதா? மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்கிறாரா? சர்க்கரை, பி.பி. பார்த்தாரா? ‘100 சதவீதம் கேரண்டி’ என்கிறாரா? கேரண்டி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெட்கம் பார்க்காமல் உடனே ஓட வேண்டியது எப்போது?

* விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். வளரிளம் பையன்களுக்கு இது அதிகம் வருகிறது. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு காலைவரை வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.
* விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்கவே இல்லை.
* உடலுறவின்போது ‘டக்’ என்ற சத்தம், வலி, வீக்கம்.
* ஆணுறை கிழிந்துவிட்டது, எச்ஐவி தொற்று பயம் இருக்கிறது. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

விதையில் வலியில்லாத கட்டி தெரிந்தால் அதே வாரத்தில் டாக்டரைப் பாருங்கள். விதைப்பைப் புற்றுநோய் இளைஞர்களுக்கு வரக்கூடியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லாவிட்டால் அவராக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார். ‘என் மேல் ஆசை போய்விட்டது’, ‘வேறு யாரோ இருக்கிறார்கள்’ என்று. "எனக்கு உடம்புல ஏதோ சரியில்ல, டாக்டர்கிட்ட போகலாம்னு இருக்கேன், நீயும் வர்றியா?" என்ற ஒரு கேள்வி பல சண்டைகளைத் தவிர்க்கும். சேர்ந்து போனால் சிகிச்சையும் நன்றாகப் பலன் கொடுக்கும்.

மாத்திரை இல்லாமலும் நிறைய மாற்ற முடியும். வாரத்தில் நான்கு நாள், 40 நிமிடம் வேகமான நடை அல்லது சைக்கிள் என ஆறு மாதம் தொடர்ந்தவர்களுக்கு விறைப்புத்தன்மை மேம்பட்டதை ஆய்வுகள் காட்டுகின்றன. சிகரெட்டை நிறுத்துவது, எடையைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. இதயத்துக்கு எது நல்லதோ, அதுவேதான் இதற்கும் நல்லது.

அந்த லேத் பட்டறைக்காரர் மெடிக்கல் ஷாப்புக்குப் பதிலாக தெருமுனை டாக்டரிடம் போயிருந்தால், ஒரு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்திருக்கும். தாம்பத்தியப் பிரச்சனைக்கும் சேர்த்தே மருந்து கிடைத்திருக்கும். அவர் பேச வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்.

குறிப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.